.308-க்கு எந்தப் பவுடர், எவ்வளவு? இரண்டு கையேட்டில் இரண்டு உச்ச அளவு

கேள்வி: ஹில்கன்ட்ரி_தமிழ் (டெக்சாஸ்)

வணக்கம். .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவுக்கு ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கேஸில் பற்றவைக்கும் பிரைமர், பவுடர், புல்லட் மறுபடி போடுவது) தொடங்கப் போகிறேன். சாமான் எல்லாம் வாங்கியாகிவிட்டது, இன்னும் ஒரு தோட்டாகூடப் போடவில்லை.

ரைஃபிள் போல்ட் ஆக்‌ஷன், 22 அங்குல பேரல். புல்லட் 168 கிரெய்ன் (எடை அலகு) சியரா மேட்ச்கிங், பிரைமர் சிசிஐ 200. ஒற்றை நிலை பிரஸ், ஃபுல் லெங்த் டை (கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), எலக்ட்ரானிக் தராசு, பவுடர் மெஷர் (பவுடரை அளந்து ஊற்றும் கருவி), க்ரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளப்பது) இருக்கின்றன. கேஸ் இரண்டு வகை: ஒருமுறை சுட்ட வின்செஸ்டர், அதோடு ஒரு பை நிறைய லேக் சிட்டி ராணுவக் கேஸ்.

கேட்க வேண்டியவை:

1. கடையில் இப்போது வார்ஜெட், எச்4895, ஐஎம்ஆர் 4064, சிஎஃப்இ 223 நான்கும் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

2. ஒரே புல்லட், ஒரே பவுடருக்கு இரண்டு கையேடுகளில் உச்ச அளவு ஒரு கிரெய்னுக்கு மேல் வேறுபடுகிறது. எதை நம்புவது?

3. ஒரு வீடியோவில் இரண்டு கையேட்டையும் தாண்டிய அளவைப் போட்டுவிட்டு "பிரஷர் சைன் (அழுத்தம் மிகுந்ததற்கான அடையாளம்) எதுவும் இல்லை" என்கிறார்கள். அது சரியா?

4. நண்பரிடம் எம்1 கேரண்ட் (தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் அமெரிக்க ராணுவ ரைஃபிள்) இருக்கிறது. அவருக்கும் இதே பவுடரில் போட்டுக் கொடுக்கலாமா?

—

பதில்: பித்தளை

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன், அதுவே நீளும்.

நான்குமே .308-இல் 168 கிரெய்னுக்குப் பொருந்தும். நான்குக்கும் அழுத்தம் அளந்து போட்ட அட்டவணை பவுடர் நிறுவனமான ஹாட்ஜ்டனின் தளத்தில் கிடைக்கிறது. தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை எரியும் வேகம், கேஸ் நிரம்பும் அளவு, வெயிலில் எப்படி நடந்துகொள்கிறது, மெஷரில் எப்படி விழுகிறது ஆகியவை.

சுள்ளி சட்டென்று பற்றி முடிந்துவிடும், கட்டை நின்று எரியும். பவுடரிலும் அதே வேறுபாடுதான். பவுடர் மணியின் அளவு, வடிவம், மேலே பூசிய தடுப்புப் பூச்சு மூன்றும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. பெரிய கேஸ், சிறிய துளை, கனமான புல்லட் என்றால் மெதுவான பவுடர் வேண்டும்; .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு எச்1000 போடுவது அதனால்தான். .308 நடுத்தரம். இதற்கு வேகமான பவுடர் போட்டால் புல்லட் நகர்ந்து இடம் கொடுப்பதற்கு முன்பே அழுத்தம் உச்சிக்குப் போய்விடும், அந்த அழுத்தத்துக்கு உரிய வேகமும் கிடைக்காது. மிக மெதுவான பவுடர் போட்டால் கேஸ் கழுத்து வரை நிரம்பியும் வேகம் வராது, பேரலில் எரியாத மணிகள் கிடக்கும்.

எரியும் வேகப் பட்டியல் என்று ஒன்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது வரிசையைக் காட்டும், அவ்வளவுதான். இரண்டு பவுடர் அடுத்தடுத்த வரியில் இருப்பதால் ஒன்றின் அளவை மற்றதற்குப் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறொரு தோட்டாவில் அளந்தால் அந்த வரிசையே மாறும்.

பெயரிலும் கவனம் வேண்டும். எச்4895 வேறு, ஐஎம்ஆர் 4895 வேறு. 4350 என்ற எண்ணில் எச், ஐஎம்ஆர், அக்யுரேட் என்று மூன்று தனித்தனிப் பவுடர்கள் உண்டு. ஐஎம்ஆர் 4831, எச்4831-ஐ விட வேகமானது. எச்4831-க்கு உரிய உச்ச அளவை ஐஎம்ஆர் 4831-இல் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். டப்பாவில் உள்ள முழுப் பெயரையும் முன்னெழுத்தோடு சேர்த்துக் கையேட்டில் ஒப்பிடுங்கள். மறுபுறம், ஒரே பவுடர் இரண்டு பெயரில் வருவதும் உண்டு: வார்ஜெட் ஆஸ்திரேலியாவில் முல்வாலா ஆலையில் தயாராவது. அங்கே அதை ஏஆர்2208 என்று விற்கிறார்கள்.

கேஸ் நிரம்பும் அளவை நான் மிக முக்கியமாகப் பார்ப்பேன். வேலை செய்யும் அளவில் பவுடர் கேஸின் 90 விழுக்காடோ அதற்கு மேலோ நிரப்பினால் இரண்டு நன்மை. பவுடர் முன்னும் பின்னும் ஓடாது, ஆகவே வேகம் ஒரே சீராக வரும். தவறிப்போய் இரண்டுமுறை ஊற்றினால் கழுத்து வழியே வழிந்து மேசையில் கொட்டும், உடனே தெரிந்துவிடும். கேஸில் பாதிகூட நிரப்பாத பிஸ்டல் பவுடர்களை ரைஃபிளில் மென் லோடுக்குப் போடுகிறவர்கள் இந்தக் காவலை இழக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வார்ஜெட், எச்4895 இரண்டும் ஹாட்ஜ்டனின் எக்ஸ்ட்ரீம் வரிசை. வெப்பநிலை மாறும்போது அழுத்தம் குறைவாக மாறும்படி செய்தவை. சிஎஃப்இ 223 உருண்டை வகை. உருண்டைப் பவுடர்கள் பொதுவாக வெயிலுக்கு அதிகம் அசையும். டெக்சாஸில் ஜனவரியில் உச்சத்தை ஒட்டிப் போட்ட லோடை ஆகஸ்டில், வண்டிக்குள் கிடந்து சூடேறிய பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டால் அது வேறு லோடாகத்தான் நடந்துகொள்ளும்.

மெஷரில் விழுவதில் உருண்டை வகை தண்ணீர் மாதிரி ஓடும். ஐஎம்ஆர் 4064-இன் மணிகள் நீளமான குச்சிகள். டிரம்மில் வெட்டுப்படும், குழாயில் குறுக்கே சிக்கும். சிக்கினால் ஒரு கேஸுக்குக் குறைவாகவும் அடுத்த கேஸுக்குக் கூடுதலாகவும் விழும். குச்சி வகைக்கு மெஷரை 0.5 கிரெய்ன் குறைவாக அமைத்து, மீதியைத் தராசுத் தட்டில் டிரிக்ளரால் சொட்டவிடுவதுதான் சரியான வழி.

உங்கள் ஊருக்கும் புல்லட்டுக்கும் நான் வார்ஜெட்டைச் சொல்வேன். வீட்டில் இளையவர்களும் சுடுவார்கள், உதை குறைவான லோடும் வேண்டும் என்றால் எச்4895. அந்தப் பவுடருக்குக் கொடுத்திருக்கும் உச்ச அளவின் 60 விழுக்காடு வரை இறக்கலாம் என்று ஹாட்ஜ்டனே எழுதியிருக்கிறது. மற்ற பவுடர்களை அப்படி இறக்கக் கூடாது. மெதுவான பவுடரைத் தொடக்க அளவுக்கும் கீழே வெகுவாகக் குறைத்து ரைஃபிள் உடைந்ததுண்டு. கூட்டுவதைப் போலவே குறைப்பதற்கும் எல்லை இருக்கிறது.

—

பதில்: கிரெய்ன்_கணக்கு

இரண்டாவது கேள்வி. இரண்டு கையேடும் உண்மையைத்தான் சொல்கின்றன, இரண்டும் வெவ்வேறு சோதனையின் பதிவு. அவர்கள் பேரல் வேறு, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வேறு, கேஸ் வேறு, பவுடரின் லாட் (தயாரிப்புத் தொகுதி) வேறு, பிரைமர் வேறு, புல்லட் இறக்கிய ஆழமும் வேறாக இருக்கலாம். .308-க்கு எஸ்ஏஏஎம்ஐ (அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு) வைத்திருக்கும் அழுத்த உச்சம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஒவ்வொரு ஆய்வகமும் அந்த எல்லையைத் தன் பேரலில் எந்த அளவில் தொட்டதோ அதை அச்சிடுகிறது. பழைய கையேடு என்றால் அழுத்தம் சியூபி (செம்புத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்து அளப்பது) அலகில் இருக்கும்; .308-க்கு அது 52,000. அந்த எண்ணையும் பிஎஸ்ஐ எண்ணையும் பக்கத்தில் வைத்து "இது மென்மையான லோடு" என்று எடுத்துவிடாதீர்கள், அளக்கும் முறையே வேறு.

செய்ய வேண்டியது: பவுடர் நிறுவனத்தின் அட்டவணை, புல்லட் நிறுவனத்தின் கையேடு இரண்டையும் திறந்து, தொடக்க அளவில் எது சிறியதோ அதில் தொடங்குங்கள். உச்ச அளவிலும் எது சிறியதோ அதையே முதல் எல்லையாக வையுங்கள். கையேட்டில் உச்சம் மட்டும் இருந்தால் 10 விழுக்காடு கழியுங்கள். கணக்குக்காக மட்டும் ஒரு எண்: உச்சம் 45.0 என்றால் தொடக்கம் 40.5. இதை யாரும் லோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையான லோடு எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன், வேறு யார் எழுதினாலும் எடுக்காதீர்கள். ஒரு இலக்கம் தட்டச்சில் மாறினால் போதும், கை போய்விடும்.

புல்லட் எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். முழுச் செம்பில் செய்த 168 கிரெய்ன் புல்லட், ஈயம் வைத்ததை விட நீளமானது. அது கேஸுக்குள் அதிக இடம் பிடிக்கும், ரைஃப்ளிங்கில் (பேரலுக்குள் உள்ள சுருள் வரிகள்) நுழையவும் வேறு விதமாக எதிர்க்கும். மேட்ச்கிங்கின் எண் அதற்குச் செல்லாது.

அளவை ஏற்றும் முறை. ஒரே வகைக் கேஸ், உங்களுக்கு வின்செஸ்டர். தொடக்க அளவில் ஐந்து. அதற்கு மேல் 0.5 கிரெய்ன் படியில் மும்மூன்று, பாதி வழிக்குப் பிறகு 0.3 படியில் மும்மூன்று. ஒவ்வொரு படியையும் தனி உறையில் போட்டு எழுதிவையுங்கள். களத்தில் கீழிருந்து மேலே வரிசையாகச் சுடுங்கள், வரிசையைக் கலைக்க வேண்டாம். ஒவ்வொரு கேஸையும் எடுத்தவுடன் பாருங்கள், மூன்றும் முடிந்தபின் பார்ப்பது தாமதம். பேரல் சூடானால் நிறுத்துங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை வைத்துவிட்டுக் குறிபார்த்துக் கொண்டிருந்தால் பவுடரும் சூடேறும், அளந்த எண்ணும் பொய்யாகும்.

க்ரோனோகிராஃப் இருக்கிறது என்றீர்களே, அதுதான் உங்கள் கையில் உள்ள நல்ல அழுத்தமானி. வேகம் சும்மா வராது, அழுத்தத்திலிருந்துதான் வரும். கையேட்டில் உச்ச அளவுக்கு எதிரே எழுதிய வேகத்தை எடுங்கள். சோதித்த பேரலின் நீளத்தைப் பாருங்கள். அது 24 அங்குலமாக இருந்து உங்களுடையது 22 என்றால், .308-இல் அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 25 அடி குறையும். அதாவது உங்கள் ரைஃபிளில் அதே அழுத்தத்துக்கு நொடிக்கு 40 முதல் 50 அடி குறைவாகத்தான் வர வேண்டும். அந்தக் குறைந்த எண்ணைத் தொட்டுவிட்டால், கிரெய்ன் கணக்கில் உச்சம் இன்னும் மீதி இருந்தாலும் நீங்கள் உச்சத்தில் நிற்கிறீர்கள். உங்கள் சேம்பரோ பவுடர் லாட்டோ அழுத்தத்தை முன்னதாகவே ஏற்றுகிறது என்று பொருள். அங்கே நிறுத்துங்கள்.

பவுடர் ஏறும் விகிதத்தை விட அழுத்தம் ஏறும் விகிதம் பெரிது, அதுவும் உச்சத்துக்கு அருகில். கீழே 0.5 கிரெய்ன் கூட்டியது ஒன்றும் செய்யவில்லை என்பதால் மேலேயும் செய்யாது என்று எண்ண முடியாது.

பிரைமரை மாற்றினால், கேஸை மாற்றினால், புதிய லாட் டப்பா திறந்தால், புல்லட்டை முன்னே நகர்த்தி ரைஃப்ளிங்கைத் தொடவிட்டால் மறுபடியும் கீழே இறங்கி ஏறுங்கள். குறிப்பாகக் கடைசியில் சொன்னது. மேட்ச்கிங்கை முதலில் கையேட்டில் உள்ள மொத்த நீளத்துக்கே இறக்குங்கள், .308-க்குப் பெரும்பாலும் 2.800 அங்குலம். ரைஃப்ளிங்கைத் தொட்டு நிற்கும் புல்லட் கிளம்பும்போதே எதிர்ப்பைச் சந்திக்கிறது, அழுத்தம் கூர்மையாக ஏறும்.

—

ஹில்கன்ட்ரி_தமிழ்

மிக்க நன்றி. வார்ஜெட் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். கேஸை எடுத்தவுடன் பாருங்கள் என்கிறீர்கள், எதை எதைப் பார்ப்பது? லேக் சிட்டி கேஸ் நிறைய இருக்கிறது, அவற்றுக்கு அளவு எவ்வளவு குறைக்க வேண்டும்?

—

பதில்: சேம்பர்

வீடியோவில் சொன்ன "பிரஷர் சைன் இல்லை" என்பதிலிருந்தே தொடங்குகிறேன், மூன்றாவது கேள்விக்கும் அதுவே பதில்.

கேஸில் தெரியும் அடையாளங்கள் எல்லாம் தாமதமாக வருபவை. பல ரைஃபிள்களில் 62,000 பிஎஸ்ஐ-யைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் கண்ணுக்கு ஏதாவது தெரியும். அடையாளம் தெரிந்தால் நிச்சயமாக அதிகம். தெரியவில்லை என்றால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே கையேட்டு உச்சத்தைத் தாண்டி அடையாளம் தேடிக்கொண்டு போவது முறையே கிடையாது. கையேட்டுக்கு உள்ளேயே உங்கள் ரைஃபிள் சீக்கிரம் சூடுபிடிக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த அடையாளங்கள்.

நம்பத் தகுந்தவை முதலில். போல்ட் கைப்பிடி தூக்கக் கனமாக இருந்தால் நிறுத்துங்கள். கேஸின் அடிப்பகுதியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பின்) துளையின் வட்டத் தடம் பளபளவென்று பதிந்திருந்தால் பித்தளை அந்தத் துளைக்குள் வழிந்திருக்கிறது, நிறுத்துங்கள். பிரைமரைச் சுற்றிப் புகைக்கறை, பிரைமர் கழன்று விழுவது, அடுத்தமுறை புதுப் பிரைமர் தளர்வாக உட்காருவது ஆகியவை அதைவிட மோசம். இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அந்தப் படியோடு மேலே உள்ள உறைகளையும் சுடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் புல்லட் புல்லரால் பிரியுங்கள். நிரந்தர லோடை அந்த இடத்திலிருந்து குறைந்தது ஒரு கிரெய்ன் கீழே வையுங்கள்.

பிரைமர் தட்டையாவது அவ்வளவு உறுதியான சாட்சி கிடையாது. கேஸின் தோளை (கழுத்துக்குக் கீழ் உள்ள சரிவு) டை தேவைக்கு அதிகமாகப் பின்னே தள்ளியிருந்தால், மென்மையான லோடிலும் பிரைமர் வெளியே வந்து திரும்ப அழுந்தித் தட்டையாகும். ஃபயரிங் பின் துளை பெரிதான ரைஃபிளில் பிரைமரில் பின்னைச் சுற்றி விளிம்பு எழும். கடையில் வாங்கிய தோட்டாவில் இரண்டைச் சுட்டு, அதன் பிரைமரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டை அமைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டை பெட்டியில் உள்ள தாள் ஷெல் ஹோல்டரை (கேஸைப் பிடிக்கும் தாங்கி) டை தொடும்வரை இறக்கிச் சுற்றச் சொல்லும். அப்படிச் செய்தால் பல சேம்பர்களுக்கு அது அதிகம். கம்பேரேட்டர் (அடியிலிருந்து தோள் வரை அளக்கும் துணைக்கருவி) வைத்து, உங்கள் ரைஃபிளில் சுட்ட கேஸை அளந்து, போல்ட் ஆக்‌ஷனுக்குத் தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்னே போகும்படி அமையுங்கள். அதிகம் தள்ளினால் ஒவ்வொரு முறையும் கேஸ் நீண்டு, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். வெளியே பளபளப்பான வளையம் தெரியும். பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் கேஸைக் குப்பையில் போடுங்கள், அடுத்தமுறை அது அங்கேயே இரண்டாகப் பிரியும்.

நீளமும் அளக்க வேண்டும். .308 கேஸ் அதிகபட்சம் 2.015 அங்குலம், வெட்டும்போது 2.005. அதற்கு மேல் வளர விட்டால் கழுத்தின் விளிம்பு சேம்பரின் முனையில் முட்டிப் புல்லட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். பவுடரில் ஒரு மணிகூடக் கூட்டாமல் அழுத்தம் எகிறுவதற்கு இது ஒரு காரணம், பலர் பார்க்காத காரணமும்கூட.

லேக் சிட்டி விஷயம். சுவர் தடிமன், ஆகவே உள்ளிடம் குறைவு. அதே பவுடர் சிறிய இடத்தில் எரிந்தால் அழுத்தம் கூடும். "இத்தனை கிரெய்ன் குறை" என்று பொதுவாக ஒரு எண் சொல்வதை விட நீங்களே அளந்துவிடலாம். உங்கள் ரைஃபிளில் சுட்ட கேஸ் ஐந்தை எடுங்கள், பழைய பிரைமரை எடுக்காமல் விடுங்கள். காலியாக எடை பாருங்கள், கழுத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மறுபடி பாருங்கள். வித்தியாசம்தான் கொள்ளளவு. சாதாரண .308 கேஸ் 56 கிரெய்ன் தண்ணீரை ஒட்டி வரும். வின்செஸ்டரையும் லேக் சிட்டியையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஒன்றுக்குப் போட்டதைக் கணக்குப் போட்டு மற்றதற்கு மாற்ற வேண்டாம், லேக் சிட்டிக்குத் தொடக்க அளவிலிருந்து தனியாக ஏறுங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் கலக்கவே கூடாது.

ராணுவக் கேஸில் பிரைமரைச் சுற்றி நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். பழைய பிரைமரை எடுத்தபின் அந்த விளிம்பை ஸ்வேஜரால் தள்ளியோ ரீமரால் சீவியோ எடுக்காமல் புதியதை அழுத்தினால் பிரைமர் நசுங்கும், வெடிக்கவும் கூடும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்டதாக இருந்தால் முதல் தடவையே வெகுவாக நீண்டிருக்கும். பேப்பர் கிளிப் சோதனை ஒவ்வொன்றுக்கும் அவசியம். தொடக்கத்துக்கு வின்செஸ்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

—

பதில்: ஓப்ராட்

நான்காவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டார்கள், அது சின்ன விஷயம் இல்லை.

முதலில், கேரண்ட் பெரும்பாலும் .30-06 என்ற வேறு தோட்டாவுக்கானது. அமெரிக்கக் கடற்படைக்காக .308 அளவுக்கு மாற்றியவையும் உண்டு. பேரலில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்க்காமல் பேச்சே வேண்டாம்.

.30-06-க்கு எஸ்ஏஏஎம்ஐ உச்சம் 60,000 பிஎஸ்ஐ. ஆனால் கேரண்டில் சேம்பர் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் வாயுத் துளை பேரலின் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. புல்லட் அந்த இடத்துக்கு வரும்போது அங்கே எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் ஆப்பரேட்டிங் ராடை (போல்ட்டைப் பின்னே இயக்கும் தண்டு) தள்ளுகிறது. எச்4831 மாதிரி மெதுவான பவுடர் சேம்பரில் எல்லைக்குள் இருந்துகொண்டே துளையில் அதிக அழுத்தம் கொடுக்கும். ராட் வேகமாக அடித்து வளையும். போல்ட் ஆக்‌ஷன் .30-06-க்கு எழுதிய முழு லோடும், கனமான புல்லட்டும் இதற்கு ஆகாது.

4895 வகைப் பவுடர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் .30-06-க்கே போட்டது. போருக்குப் பின் மிச்சமானதைப் புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி ரீலோடர்களுக்கு விற்றார், எச்4895 என்ற பெயர் அந்த வழி வந்தது. இன்றைக்கும் கேரண்டுக்கு இரண்டு 4895-உம், ஐஎம்ஆர் 4064-உம் தான் பெரும்பாலோர் எடுப்பது. ஹார்னடி கையேட்டில் கேரண்டுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அதிலிருந்து மட்டும் எடுங்கள்.

இன்னொன்று, கேரண்டின் ஃபயரிங் பின்னுக்குப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும்போதே பின் பிரைமரை லேசாகத் தட்டும். பிரைமர் கேஸின் அடியை விட வெளியே துருத்தியிருந்தால் போல்ட் பூட்டுவதற்கு முன்பே வெடிக்கலாம். ஒவ்வொரு பிரைமரையும் விரலால் தடவி, உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடினமான மேலோடு உள்ள சிசிஐ 34 இதற்காகவே வருகிறது. தோட்டாவைக் கையால் சேம்பரில் போட்டுப் போல்ட்டை அப்படியே விடுவது ஆபத்து. கேரண்டுக்குத் தோள் 0.003 முதல் 0.004 வரை தள்ளுவது சரி.

இவ்வளவும் சொன்ன பிறகு: நண்பருக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். அவர் ரைஃபிளை நீங்கள் அளக்கவில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு ரீலோட் செய்ய அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை, விற்பதற்கு உரிமம் வேண்டும். அவரைக் கூப்பிட்டு உங்கள் மேசையில் அவரே போடும்படி கற்றுக்கொடுங்கள். இதைப் படிக்கும் இந்திய நண்பர்களுக்கு: அங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

—

பதில்: கிரெய்ன்_கணக்கு

மேசை ஒழுங்கு பற்றி யாரும் எழுதவில்லை. சரியான எண்ணை எடுத்துக்கொண்டு தவறான பவுடரை ஊற்றுவதுதான் ரைஃபிள் உடையும் விபத்துகளில் நான் அதிகம் அஞ்சுவது.

மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. மெஷரில் இருப்பது அந்த டப்பாவிலிருந்து வந்தது என்பதற்கு அந்த டப்பா பக்கத்தில் இருப்பதுதான் சான்று. வேலை முடிந்ததும் மெஷரைக் காலி செய்து அதே டப்பாவில் ஊற்றுங்கள். இரவு முழுக்க விட்டால் சில பவுடர்கள் பிளாஸ்டிக்கையும் அரிக்கும், காலையில் அது என்ன பவுடர் என்ற ஐயமும் வரும். ஐயம் வந்த பவுடரை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. சிறிதளவு என்றால் புல்தரையில் மெல்லியதாகத் தூவிவிடலாம், உரமாகிவிடும்.

எலக்ட்ரானிக் தராசை 20 முதல் 30 நிமிடம் முன்பே போட்டு வைத்துப் பிறகு சோதனை எடையால் சரிபாருங்கள். அலகு கிரெய்னில் நிற்கிறதா, கிராமில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 20 கிராம் எடைக்கல் 308.6 கிரெய்ன் காட்ட வேண்டும். பெரிய எடையில் சரியாக இருந்து 40 கிரெய்ன் பக்கத்தில் பிசகும் தராசும் உண்டு, ஆகவே அந்த அளவிலும் ஒரு சோதனை எடை வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி, ஏசி காற்று தட்டில் படக் கூடாது, செல்பேசியைத் தள்ளி வையுங்கள். பத்துக் கேஸுக்கு ஒருமுறை வெறும் தட்டு சுழியத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

பவுடர் போடாத கேஸ் கவிழ்ந்தபடி, போட்டது நிமிர்ந்தபடி. 50 கேஸும் முடிந்ததும் டார்ச் அடித்து எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், அதன் பிறகே புல்லட். ஒன்று தாழ்ந்தோ உயர்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டி மறுபடி நிறுங்கள். இடையில் யாராவது கூப்பிட்டால் கையிலிருந்த கேஸைக் கொட்டிவிட்டு எழுந்து போங்கள்.

பவுடர் இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தால் சத்தம் மெலிதாக இருக்கும், புல்லட் பேரலுக்குள் சிக்கி நிற்கும். அப்படி ஒரு சத்தம் கேட்டால் அடுத்ததை ஏற்றாதீர்கள். சற்றுப் பொறுத்து, போல்ட்டைக் கழற்றிப் பேரலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பித்தளைத் தடியால் தள்ளி எடுக்க வேண்டும்.

சேமிப்பு: எப்போதும் வந்த டப்பாவிலேயே, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில். டெக்சாஸ் கராஜ் அதற்கு இடமில்லை. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதிப்படி வீட்டில் 20 பவுண்டு வரை மூல டப்பாவில் வைக்கலாம், அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஒரு அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டியில். பிரைமர் 10,000 வரை வைக்கலாம். உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். இரும்புப் பெட்டகத்தில் பூட்டாதீர்கள். திறந்த தீயில் பவுடர் வேகமாக எரியும், அவ்வளவுதான், இறுக மூடிய இரும்புக்குள் அழுத்தம் சேர்ந்து வெடிக்கும். நல்ல பவுடருக்குக் கரைப்பான் மாதிரி மெல்லிய வாடை. மூக்கைக் குத்தும் புளித்த நெடியோ, செம்பழுப்புப் புகையோ, துருநிறத் தூளோ தெரிந்தால் அது கெட்டுவிட்டது.

பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் தேதி, பவுடரின் முழுப்பெயர், லாட் எண், எடை, புல்லட், பிரைமர், கேஸ், எத்தனையாவது முறை, மொத்த நீளம், சுட்டபோது வெப்பநிலை எல்லாம் வரட்டும்.

—

ஹில்கன்ட்ரி_தமிழ்

எல்லாவற்றையும் அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: சிசிஐ 200 தீர்ந்து, கடையில் சிசிஐ 250 மட்டும் இருந்தால்?

—

பதில்: பித்தளை

250 மேக்னம் பிரைமர், சூடு அதிகம். பற்றவைக்கக் கடினமான சில உருண்டைப் பவுடர்களுக்குக் கையேடே அதைக் கேட்கும். 168-க்கு வார்ஜெட் அட்டவணையில் சாதாரண பிரைமர் என்றால் சாதாரணமே. 200 கிடைக்காவிட்டால் ஃபெடரல் 210, வின்செஸ்டர் டபிள்யூஎல்ஆர் மாதிரி இன்னொரு சாதாரண லார்ஜ் ரைஃபிள் பிரைமரைத் தேடுங்கள். அதற்கும் தொடக்க அளவுக்கு இறங்கி, க்ரோனோகிராஃபோடு மறுபடி ஏறுங்கள். லார்ஜ் பிஸ்டல் பிரைமர் விட்டம் ஒன்றுதான் என்று யாராவது சொல்வார்கள். அது உயரம் குறைவு, மேலோடும் மெலிது. ரைஃபிள் அழுத்தத்தைத் தாங்காது.